இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் தேடினேன்

போன வாரம், தட்டச்சுப் பரீட்சையில் நான் இரண்டு முறை கோட்டை விட்ட கதையை எழுதியபோது, பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த லில்லியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். "அந்த லில்லி இப்போது எங்கே இருக்கிறார்?" என்று நாலைந்து பேர் கேட்டு எழுதிவிட்டார்கள். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டீர்கள், சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் லில்லியிலிருந்து ஆரம்பித்தால் எனக்கு எழுத வராது. ஸ்ரீமுஷ்ணத்தில் நான் சாப்பிட்ட ஒரு தட்டு கேசரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கேசரியும் பொய்யும்

சுனாமிக்குப் பிறகு வந்த மூன்றாவது வெயில் காலம் அது. பெருமாள் கோயிலை ஒட்டிய தெருவில் ஓர் ஓட்டு வீடு. கூடத்தில் புதுப் பாய் விரித்து, டேபிள் ஃபேனை என் ஒருத்தியின் பக்கமாகவே திருப்பி வைத்திருந்தார்கள். தட்டில் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. நம் பக்கத்து முந்திரி என்பதால் கேசரியில் கஞ்சத்தனமே இல்லை.

என் அக்கா மகனுக்குப் பெண் பார்க்க நான் வந்திருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அக்காவே கிடையாது.

பெண்ணின் பெயர் செல்வி. மாம்பழக் கலர் புடவையில் காபி டம்ளரோடு வந்து நின்றாள். நான் அவளை மருமகளாக வரப்போகிறவளைப் பார்ப்பது போல் பார்க்கவில்லை. நெற்றி, காது மடல், கைவிரல் நகம் என்று ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டிருந்தேன். பாவம், அவள் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுடைய அம்மா வெள்ளந்தியாகப் பேசிக்கொண்டே போனார். "இவளுக்கு மூணு நாளு வலி எடுத்துச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியிலயே உயிரு போயிரும்னு நெனச்சேன். அந்த பயத்துலதான் ஒத்தப் புள்ளையோட நிறுத்திக்கிட்டோம்."

சுவரில் செல்வியின் அப்பா வாலிபத்தில் எடுத்துக்கொண்ட போட்டோ மாட்டியிருந்தது. அதே மூக்கு, அதே மேலுதடு. செல்வி அந்த வீட்டில் பிறந்த பிள்ளைதான், சந்தேகமே இல்லை. கேசரித் தட்டை மெதுவாகக் கீழே வைத்தேன்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். செல்விதான் சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"ஆன்ட்டி, எனக்கு பி.எட். படிக்கணும்னு ஆசை. அவுங்க வூட்ல படிக்க வுடுவாங்களா?"

இல்லாத வீடு, இல்லாத மாப்பிள்ளை. "விடுவாங்கம்மா" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதைவிடக் கேவலமானது இல்லை. அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று விளங்க வேண்டுமானால் இப்போது லில்லியிடம் போக வேண்டும்.

இரண்டு சாமிக்கும் பொதுவாக

லில்லி புஷ்பமும் நானும் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் நாலு வருஷம் ஒன்றாக இருந்தோம். மஞ்சக்குப்பத்தில் ஒரே அலுவலகம், ஒரே தட்டச்சுப் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போவாள். வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போவேன். அன்றைக்கு நான் மீன் தொட மாட்டேன் என்பதால் அவளும் தொட மாட்டாள். "ரெண்டு சாமிக்கும் பொதுவா இருக்கட்டும்டி" என்பாள்.

அவள் தட்டச்சு செய்யும்போது பார்க்க வேண்டும். முதுகு வளையாது, கண் காகிதத்தை விட்டு நகராது. நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் மூன்று பக்கம் முடித்துவிட்டு, என் மேஜையில் கிடப்பதையும் சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்வாள். சூப்பிரண்டு என்னைத் திட்ட வாயெடுக்கும்போது என் வேலை முடிந்திருக்கும். திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் அவர் தவிப்பதைப் பார்க்க எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

லில்லிக்கு அம்மா இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மார்புப் புற்றில் போய்விட்டார். ஒரு தங்கச்சி. அந்தத் தங்கச்சியைக் கரையேற்றுவது லில்லியின் பொறுப்பு.

ஒருவன் வந்தான். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றான். விஷயம் தெரிந்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு தெற்கே போய்விட்டான். அவனுக்கு இந்தத் தொடரில் இதற்கு மேல் இடம் கொடுப்பதாக இல்லை.

லில்லி மஞ்சள் காமாலை என்று நீண்ட லீவு போட்டாள். சிதம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமைத் தேடிப் பிடித்ததும், அதற்குப் பக்கத்திலேயே அறை எடுத்ததும் நான்தான். சனிக்கிழமைதோறும் மதியம் பஸ் ஏறுவேன். புதுச்சத்திரம் தாண்டினால் ஜன்னல் வழியாக உப்புக் காற்று வரும். மடியில் அவளுக்காக வாங்கிய மாங்காய் இருக்கும்.

ஆனி மாதம் விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. அங்கே ஆயாவாக இருந்த அஞ்சலை குழந்தையைத் துடைத்துக்கொண்டே, "உத்திரட்டாதி. யோகக்காரி" என்றாள். லில்லிக்கு நட்சத்திரமெல்லாம் தெரியாது. நான்தான் காலண்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பன்னிரண்டு நாள் குழந்தை அவளோடு இருந்தது. ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ லில்லி என்னைப் பார்த்து, "பத்மா, நானே வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நான் விட்டேனா? "எப்படிடி வெச்சுப்ப? ஊரு என்ன சொல்லும்? உன் தங்கச்சிய யாரு கட்டுவான்? நாளைக்கு ஆபீஸ்ல ஒருத்தன் மொட்டைப் பெட்டிஷன் போட்டா வேலை என்ன ஆகும்?" என்று அடுக்கினேன். அவளிடம் பதில் இல்லாததாலேயே நான் சொல்வது சரி என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயசு. அந்த வயசில் நமக்கு எல்லாம் தெரியும் அல்லவா?

தேர் அன்று

குழந்தையைக் கொடுத்தது ஆனித் திருமஞ்சனத் தேர் அன்று. எல்லா ஏற்பாடும் அஞ்சலைதான். "புள்ள இல்லாதவுங்க. நல்ல ஜனங்க. நீ பேரு கேக்காத, அவுங்களும் கேக்க மாட்டாங்க" என்றாள். தத்துக் கொடுப்பதற்குச் சட்டம், பத்திரம் எல்லாம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பயந்து ஒதுங்கித்தான் இருப்போம்.

முன்பக்கத் தெருவில் தேர்க் கூட்டம். அதனால் பின்சந்தில் ஒரு சைக்கிள் ரிக்ஷா வந்து நின்றது. லில்லியால் எழுந்து வர முடியவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது.

சந்தில் ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு குடை பிடித்துக்கொண்டு நின்றார். ரிக்ஷாவின் படுதாவுக்குள்ளிருந்து இரண்டு கைகள் நீண்டன. நிறையக் கண்ணாடி வளையல்கள். அந்தக் கைகளில் குழந்தையை வைத்தேன். கூட்டத்தில் ரிக்ஷா நகரவே முடியாமல் சந்து முனையில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு நிறைய நேரம் இருந்தது. நான் போகவில்லை.

லில்லி வேலைக்குத் திரும்பினாள். தங்கச்சிக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். தனக்குச் செய்துகொள்ளவில்லை. குழந்தையைப் பற்றி இருபத்து மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை ஒரு நாள் கூடக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

சுனாமி வந்த அடுத்த வருஷம் அவளுக்கு நோய் முற்றிப்போனது தெரிந்தது. மார்பில் கட்டி. ஒரு வருஷமாக யாரிடமும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தாள், என்னிடம்கூட. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தோம். காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், ஆரஞ்சுச் சுளையை உரித்து அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். கையை விலக்கிவிட்டுச் சொன்னாள்.

"எங்கம்மா. எங்க சித்தி. இப்ப நான். மூணு பேரு ஆச்சு பத்மா. அவளுக்கு இப்ப இருவத்தி மூணு வயசு. யாராவது அவகிட்ட சொல்லணும்டி."

"என்ன சொல்லணும்?"

"என்னப் பத்தி ஒண்ணும் வேணாம். கட்டி கிட்டி தட்டுப்பட்டா என்ன மாதிரி ஒளிச்சு வெக்க வேணாம்னு சொல்லு. வருஷா வருஷம் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு. அவ்ளோதான்."

ஐப்பசி அடைமழையில் அவளை அடக்கம் செய்தோம். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. குழந்தையைக் கொடுக்கச் சொன்னவள் நான். தேட வேண்டியவளும் நான்தான் என்று அங்கே நின்றபோதே தெரிந்துவிட்டது.

தரகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்

அந்த நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருந்தது. அஞ்சலை செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. எழுத்து மூலமாக ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எங்கே போய்த் தேடுவது?

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில்தான் எனக்கு வழி கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் தன் மகளின் ஜாதகத்தை இருபது காப்பி எடுத்துக்கொண்டிருந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம். காப்பியில் மூலைகள் கறுப்பாக விழுந்தன. நம் ஊரில் இருபத்து மூன்று வயசுப் பெண் ஒருத்தி வீட்டுக்குள் இருப்பாள், அவளுடைய ஜாதகம் மட்டும் மாவட்டம் பூராவும் சுற்றிக்கொண்டிருக்கும். நெற்றி நிறைய விபூதி பூசிய மனிதர், வளர்த்த மகளுக்கு ஜாதகம் எழுதாமலா இருப்பார்?

சிதம்பரத்தில் நடேசன் என்று ஒரு கல்யாணத் தரகர். அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"என்ன ஆளுங்கம்மா நீங்க?" என்றார்.

"எந்த ஆளுங்களா இருந்தாலும் பரவால்லைங்க. உத்திரட்டாதி நட்சத்திரமா இருக்கணும். இந்தத் தேதியில பொறந்திருக்கணும்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நட்சத்திரம் முன்ன பின்ன இருந்தாலும் பரவால்ல, நம்ம ஆளுங்களா இருக்கணும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. நீங்க தலைகீழா கேக்குறீங்களே. பையனுக்கு எதுனா கோளாறா?"

"பையன் தங்கமான பையன்" என்றேன். இல்லாத பையன் என்பதால் தாராளமாகப் புகழ முடிந்தது.

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். "இல்லாத மாப்பிள்ளைக்கு இவ்ளோ மும்முரமா பொண்ணு தேடுற. நம்ம பையனுக்கு ஒரு நல்ல டியூஷன் தேடுனியா?" என்று கேலி செய்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான்.

ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்ததில் ஒரே ஒரு ஜாதகம் தேதியும் நட்சத்திரமும் ஒத்து வந்தது. பிறந்த நேரம் மட்டும் சாயங்காலம் என்றிருந்தது. வாங்கினவர்கள் உத்தேசமாக எழுதியிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுதான் ஸ்ரீமுஷ்ணத்துச் செல்வி.

கேசரி சாப்பிட்டுவிட்டு வந்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் காலையில், பொருத்தம் சரியாக அமையவில்லை, பெண்ணை மட்டும் அவசியம் பி.எட். படிக்க வையுங்கள் என்று இன்லண்டு லெட்டர் எழுதிப் போட்டேன். பொருத்தத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன். செல்வி, இதை நீ படிக்க நேர்ந்தால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடம் குறை ஒன்றுமே இல்லை அம்மா.

நான் கொடுத்த நாள்

பிறகு கொஞ்ச காலம் தேடுவதையே விட்டிருந்தேன். நடேசன்தான் தெற்கு வீதிப் பக்கம் ஒரு ஜோசியரைச் சொன்னார். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். இந்த நேரத்தில் பிறந்த பெண் இப்போது எந்தத் திசையில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன்.

அவர் சிரித்தார். "மாடா காணாமப் போச்சு, திசை சொல்றதுக்கு? என்ன விஷயம்னு சொல்லுங்கம்மா."

அந்தச் சிரிப்பில் ஏனோ உடைந்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாக அவரிடம்தான் முழு உண்மையையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்.

"கொடுத்த புள்ளையா? அப்ப இந்த ஜாதகம் அவுங்க வூட்ல இருக்காதேம்மா."

"ஏன் இருக்காது?"

"வாங்குனவுங்க எங்களாட்டம் ஆளுங்ககிட்டதான் வருவாங்க. எங்கப்பா காலத்துலேருந்து இங்க ஒரு வழக்கம். புள்ள வூட்டு வாசப்படிய எப்பத் தாண்டி உள்ள வந்துச்சோ, அதான் அதுக்குப் பொறந்த நேரம். அந்த நேரத்துலேருந்துதான் அது அந்த வூட்டுப் புள்ள. அத வெச்சுத்தான் கட்டம் போடுவோம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இத்தனை நாளும் லில்லி பெற்ற நாளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். தேட வேண்டியது நான் கொடுத்த நாளை. அந்த நாளும் நேரமும் உலகத்தில் என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? திருமஞ்சனம் உத்திரத்தில் வரும். தேர் அதற்கு முந்தின நாள். பூரம்.

நேரே நடேசனிடம் போனேன். "பூரம். ஆனி மாசம், தேர் அன்னிக்கு. பகல் பன்னெண்டு மணி வாக்குல."

"இப்ப நட்சத்திரமும் மாறிடுச்சா?" என்று பெருமூச்சு விட்டார். இருந்தாலும் ஜாதகக் கட்டுகளைப் பிரித்தார். மூன்றாவது கட்டில் இருந்தது. பெயர் உமா. பூரம். தேர் நாள். பிறந்த நேரம் பகல் 11.50. தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார் சிவகாமி. பெண்ணுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. வீடு மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில்.

நர்சிங் ஹோமிலிருந்து அந்தச் சந்துக்கு நடந்தால் பத்து நிமிஷம். தேர்க் கூட்டத்தில் ரிக்ஷாவுக்கு அரை மணி ஆகியிருக்கிறது.

"எப்படிம்மா எடுத்துட்டுப் போறது?"

இந்தத் தடவை பஜ்ஜி வருவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். உமா வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். சிவகாமியம்மா ஒல்லியான உருவம், அறுபதை நெருங்கும் வயசு. அரைத்த மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தார்.

"நான் பொண்ணு பாக்க வரலைங்க. தேர் அன்னிக்கு ரிக்ஷாவுல உங்க கையில குழந்தையக் கொடுத்தது நான்தான்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். கதவில் மாவு அப்பிக்கொண்டது.

"அவள எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"இருவத்தஞ்சு வயசுப் பொண்ண எப்படிம்மா எடுத்துட்டுப் போறது?" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று அழுதோம். உள்ளே கூப்பிட அவருக்குத் தோன்றவே இல்லை.

நோயைப் பற்றிச் சொன்னேன். பெற்றவள், அவளுடைய அம்மா, சித்தி என்று மூன்று பேரையும் சொன்னேன்.

"அவளுக்குத் தெரியாதுங்க" என்றார் கடைசியில். "அவரு சாகும்போதுகூடச் சொல்லல. சொன்னா, என்ன அம்மான்னு கூப்புடும்போது அவளுக்கு ஒரு நிமிஷம் தயங்குமோன்னு பயம். ஒரு நிமிஷம் தயங்குனாக்கூட எனக்குத் தாங்காது."

"அவகிட்ட எதுவும் சொல்ல வேணாம்க்கா. டாக்டர்கிட்ட மட்டும் கூட்டிட்டுப் போங்க."

"போறேன். ஒரு பத்து நாள் டைம் குடுங்க" என்றார்.

பத்து நாள் எட்டு மாசமாக நீண்டது. நான் போன் செய்வேன். இந்த மாசம் அவளுக்குப் பரீட்சை வேலை ஜாஸ்தி, போன மாசம் எனக்கு ஜுரம் என்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி கேட்பார்கள், கேள்வி கேட்டால் உண்மை வெளியே வரும் என்ற பயம் அவருக்கு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் ஒன்றும் பொறுமைசாலி இல்லை, இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் கிளம்பினேன். உமாவிடம் நானே சொல்லிவிடுவது என்ற முடிவோடு.

நூலக வாசலில் பெயர் எழுதிவிட்டு, உமா எங்கே என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். கவுன்ட்டரில் உமா உட்கார்ந்து, திரும்பி வந்த புத்தகங்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். முகம் லில்லி மாதிரி இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் முதுகு வளையவில்லை. கண் புத்தகத்தை விட்டு நகரவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு பெண் அரட்டை அடித்துக்கொண்டிருக்க, அவள் முன்னால் கிடந்த அடுக்கையும் இழுத்துப் போட்டுக்கொண்டு குத்தினாள். கவுன்ட்டருக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்ன வேணும் ஆன்ட்டி?" என்று நிமிர்ந்து கேட்டாள்.

சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் ஒரு தாய் கேட்ட கேள்விக்கு நானே முடிவு சொன்னது ஒரு தடவை போதாதா? இந்தத் தாயின் விஷயத்திலும் நானே முடிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவேனா?

"பேப்பர் எங்கம்மா இருக்கு?" என்றேன். கையைக் காட்டினாள். ஒரு மணி நேரம் தினசரியை விரித்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறிவிட்டேன். அன்று சாயங்காலம் சிவகாமியம்மாவுக்குப் போன் செய்து, "உமாவப் பாத்தேன்க்கா. ஒண்ணும் சொல்லல. நீங்க வளத்த புள்ள. நீங்கதான் பாத்துக்கணும்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

நாலாவது நாள் அவரே கூப்பிட்டார். "செவ்வாக்கெழம கடலூர் வரோம். நீங்களும் கூட இருங்க."

டாக்டர் கேட்ட கேள்வி

நீங்கள் பதறிக்கொண்டிருப்பீர்கள், அதனால் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உமாவுக்கு ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள். கல்யாணமாகி இப்போது ஒரு பையன் இருக்கிறான், பெரிய வாலு. இதில் எழுதியிருப்பதையெல்லாம் அவளும் சிவகாமியம்மாவும் படித்து, எழுதலாம் என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், லில்லியின் பெயரைத் தவிர. அதை மாற்ற வேண்டாம் என்று சொன்னது உமா.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெண் டாக்டரின் கிளினிக். சிவகாமியம்மா தனக்குப் பரிசோதனை என்று சொல்லித்தான் உமாவைக் கூட்டிவந்திருந்தார். "அப்படியே நீயும் காட்டிக்க, கல்யாணத்துக்கு முன்னாடி நல்லதுதான்" என்று பஸ்ஸில் சொல்லியிருக்கிறார். என்னைக் கடலூரில் தெரிந்தவர் என்று அறிமுகப்படுத்தினார். "எங்க லைப்ரரியில ஒரு நாள் பாத்திருக்கேனே" என்று உமா சிரித்தாள். நான் அசடு வழிந்தேன்.

மூன்று பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் உமாவிடம் வயசு, எடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

"ஃபேமிலியில யாருக்காவது மார்புப் புற்று இருந்ததா? அம்மாவுக்கு?"

உமா சிரித்தாள். "அம்மா இதோ உக்காந்திருக்காங்களே டாக்டர். ஒரு தலவலின்னு படுத்ததில்ல."

டாக்டர் 'இல்லை' என்று எழுதப் போனார்.

"எழுதாதீங்க டாக்டர்" என்றார் சிவகாமியம்மா.

டாக்டர் நிமிர்ந்தார். சிவகாமியம்மா புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டாக்டரையே பார்த்துக்கொண்டு சொன்னார். உமாவைப் பார்க்கவே இல்லை.

"இவளப் பெத்தவங்களுக்கு இருந்துச்சு. அவுங்க அம்மாவுக்கும் இருந்துச்சு. சித்திக்கும். இவ எனக்கு வந்த புள்ள டாக்டர். பன்னெண்டு நாள் புள்ளையா வந்தா. இருக்குன்னே எழுதிக்கோங்க."

டாக்டர் எழுதவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உமா எழுந்து வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா நீ சரியாச் சாப்புடாம இருந்தது இதுக்குத்தானாம்மா?" என்று கேட்டாள்.

சிவகாமியம்மா தலையை ஆட்டினார். அழுகையில் தோள் குலுங்கியது.

"எனக்கு வேற என்னமோ பயமா இருந்துச்சு. உனக்குத்தான் ஏதோ வியாதி, எங்கிட்ட மறைக்கிறன்னு நெனச்சேன்" என்றாள் உமா.

டாக்டர் மெதுவாக, முதலில் பரிசோதித்துவிடலாம், திரைக்குப் பின்னால் வாம்மா என்றார். உமா எழுந்தாள். திரை வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"அம்மா, நீயும் வா. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."

ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் கூப்பிட்டாள். சிவகாமியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சுக் கேட்டது. பிறகு சிவகாமியம்மாவின் குரல். இத்தனை மாசத்தில் அவர் என்னிடம் கேட்கவே பயந்திருந்த ஒன்றைக் கேட்டார்.

"பத்மா, அவுங்க பேரு என்னான்னு உமா கேக்குறா."

"லில்லி" என்றேன். திரைக்கு உள்ளே கேட்க வேண்டுமே என்று எழுந்து நின்று, உரக்கச் சொன்னேன். "லில்லி புஷ்பம்."

பிறகு உமா அந்தப் பெயரை ஒரு தடவை, மெதுவாக, சொல்லிப் பார்த்தாள்.